லவ்வுக்குள்ள ஏஐ: எங்க உள்ள விடலாம், எங்க வெளியவே நிறுத்தணும் (முழுமையான வழிகாட்டி)

இன்னைக்கு ஆன்லைன்ல ஒருத்தரோட பழக ஆரம்பிச்சீங்கன்னா அந்த இடத்துல நீங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல. யாரோட முகம் உங்க ஸ்க்ரீன்ல முதல்ல வரணும்னு ஆப்போட அல்காரிதம் முடிவு பண்ணுது, அவங்க போட்டோவ ஏஐ பளபளன்னு ஆக்கியிருக்கலாம், படிச்சதும் மனசு உருகுன அந்த மெசேஜ சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்திருக்கலாம், அப்புறம் சண்டை வந்தா ராத்திரி ஒரு மணிக்கு நீங்களே அதுகிட்ட போய் "தப்பு யார் மேல"ன்னு பஞ்சாயத்து வைக்கிறீங்க. எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்லல, சில இடத்துல நிஜமாவே உதவுது. ஆனா எந்த இடத்துல உதவுது, எந்த இடத்துல நாம பேச வேண்டியத அது பேசிடுதுன்னு தெரியாம யூஸ் பண்ணா கடைசில காயப்படுறது எதிர்ல இருக்குற மனுஷன்தான்.

அதுக்கு ஒரே ஒரு அளவுகோல் வச்சுக்கோங்க. ஏஐ வச்சு எதைப் பண்ணாலும், "இதை இப்படித்தான் பண்ணேன்னு அவங்க முகத்தப் பார்த்து சொல்ல முடியுமா?"ன்னு உங்களையே கேளுங்க. சொல்ல முடியும்னா தாராளமா பண்ணுங்க. மறைக்கணும்னு தோணுச்சுன்னா அங்கயே விட்டுடுங்க. கீழ வர்ற படிகள்ல பாதிக்கு மேல இந்தக் கேள்வியில இருந்து வர்றதுதான்.

படி 1: ஆப் என்ன பண்ணுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

டிண்டர்ங்கற டேட்டிங் ஆப் 2012ல வந்துச்சு, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள ஈலோன்னு ஒரு ஸ்கோர் வச்சிருந்தாங்க, அது செஸ் ப்ளேயர்ஸுக்குப் போடுற ரேட்டிங் மாதிரி. நிறைய பேர் லைக் பண்ற ஒருத்தர் உங்களை லைக் பண்ணா உங்க ஸ்கோர் ஏறும். 2019ல அந்த முறைய விட்டுட்டோம்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஹிஞ்ச்ங்கற இன்னொரு டேட்டிங் ஆப் 2018ல இருந்து தினமும் ஒருத்தர இவர்தான் உங்களுக்குப் பொருத்தமானவர்னு காட்டுது, அதுக்குப் பின்னாடி இருக்குறது கேல், ஷாப்லின்னு ரெண்டு கணித அறிஞர்கள் 1962ல எழுதுன அல்காரிதம். யாருக்கு யாரை எவ்வளவு பிடிக்கும்னு ரெண்டு பக்கமும் வரிசை போட்டு, "இவங்கள விட அவங்க மேல்"னு ஒருத்தர ஒருத்தர் மாத்தி நினைக்கிற ரெண்டு பேர் யாருமே மிச்சம் இல்லாத அளவுக்கு ஜோடி சேர்க்கிற கணக்கு அது. ஷாப்லிக்கு 2012ல பொருளாதார நோபல் கிடைச்சதும் இந்த மாதிரி வேலைக்குத்தான்.

கணக்கு அழகான கணக்கு, சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குள்ள போற தகவல் என்ன? நீங்க எந்தப் போட்டோல கை நிறுத்துனீங்க, யாரை வேணாம்னு தள்ளுனீங்க, பெரும்பாலும் இந்த மாதிரி விஷயம்தான். 2017ல ஜோயல், ஈஸ்ட்விக், ஃபிங்கல்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை பண்ணாங்க. ஸ்பீடு டேட்டிங் வந்தவங்க தங்களப் பத்தி முன்னாடியே நிரப்பிக் கொடுத்த நூத்துக்கும் மேல விஷயங்கள மெஷின் லேர்னிங்குக்குக் கொடுத்து, யாருக்கு யார் மேல ஈர்ப்பு வரும்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. பொதுவா எல்லாரையும் கவர்றவர் யாரு, பொதுவா எல்லாரையும் பிடிக்கிறவர் யாருன்னு ஓரளவு சொல்ல முடிஞ்சுது, ஆனா இந்த ஒருத்தருக்கு அந்த ஒருத்தர் மேல ஸ்பெஷலா பிடிப்பு வருமான்னு அதால சொல்லவே முடியல.

இன்னொன்னு கேளுங்க. ஓகேக்யூபிட்ங்கற டேட்டிங் தளத்துல ஒருத்தருக்கொருத்தர் 30 சதவீதம்தான் பொருத்தம்னு கணக்கு வந்தவங்ககிட்ட வேணும்னே "உங்களுக்கு 90 சதவீதம் பொருத்தம்"னு காட்டிப் பார்த்தாங்க, 2014ல அவங்களே அத வெளிய சொன்னாங்க. என்ன ஆச்சுன்னா அந்த நம்பர நம்பி அவங்க அதிகமா பேச ஆரம்பிச்சாங்க. அதனால ஸ்க்ரீன்ல வர்ற சதவீதத்த ஒரு அறிமுகமா மட்டும் எடுத்துக்கோங்க. நல்லா பேச்சு போயிட்டு இருக்குற ஒருத்தர 62 சதவீதம்னு காட்டுதேன்னு விட்டுடாதீங்க, 94 சதவீதம்னு வந்ததுக்காக மரியாதையே இல்லாம பேசுறவங்கள சகிச்சுக்கவும் வேணாம். அப்புறம் போர் அடிக்குதுன்னு எல்லாத்தையும் லைக் பண்ணித் தள்ளாதீங்க, உங்க விரல் போற போக்குதான் அந்த ஆப்புக்குத் தெரிஞ்ச நீங்க.

படி 2: ப்ரொஃபைல்

போட்டோ விஷயம் சிம்பிள். வெளிச்சம் சரி பண்றது, ஓரத்துல இருக்குற ஆளை கட் பண்றது, பத்து போட்டோல எது நல்லா இருக்குன்னு கேக்குறது எல்லாம் ஓகே. டிண்டரே 2024ல உங்க கேலரில இருந்து நல்ல போட்டோவ எடுத்துக் காட்டுற வசதி கொண்டு வந்துச்சு, அதுவும் தப்பில்ல, இருக்குறத தேர்ந்தெடுக்குறதுதானே. மூக்கு, தாடை, தோல் நிறம், உடம்பு வாகு இதுல கை வச்சா முடிஞ்சுது. நேர்ல பார்க்குற முதல் நிமிஷத்துலயே உங்களப் பத்தி அவங்களுக்கு முதல்ல தெரியவர்ற உண்மை நீங்க பொய் சொன்னீங்கங்கறதா ஆயிடும்.

பயோதான் நிறைய பேர் சொதப்புற இடம். "எனக்கு டேட்டிங் பயோ எழுதிக் கொடு"ன்னு கேட்டா என்ன வரும் தெரியுமா? "பயணங்களை நேசிப்பவன், சிரிப்பைப் பகிர்பவன், ஆழமான உரையாடல்களைத் தேடுபவன்." இது யாருக்கு வேணா பொருந்தும், அதனாலயே யாருக்கும் பொருந்தாது. இதே பயோவ அன்னைக்கு அவங்க நாப்பது ப்ரொஃபைல்ல பார்த்துட்டு வந்திருப்பாங்க.

அதுக்குப் பதிலா இப்படிக் கேட்டுப் பாருங்க: "நீ எனக்கு எதுவும் எழுதாத. என்னைப் பத்தி தெரிஞ்சுக்க எட்டு கேள்வி கேளு, ஒண்ணொண்ணா கேளு, பதில் பொதுவா இருந்தா விடாம இன்னும் நோண்டிக் கேளு. கடைசில நான் சொன்னதுல எது என்னை மட்டும் காட்டுதுன்னு சொல்லு, எழுதுறது நான் எழுதிக்கிறேன்." இப்படிக் கேட்டா "பாட்டு பிடிக்கும்"னு ஆரம்பிச்ச ஒருத்தர் அது எப்போ, என்ன பாட்டுன்னு நோண்டி நோண்டி கடைசில "பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் சத்தமா பாடுவேன், யாராவது கேட்டா நிறுத்திடுவேன்"னு வந்து நிப்பாரு. அந்த ஒரு வரிக்கு ரிப்ளை பண்ண யாருக்கும் கஷ்டம் இருக்காது. ஹிஞ்ச் 2025 ஆரம்பத்துல கொண்டு வந்த வசதியும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான், நீங்க எழுதுன பதில் மொட்டையா இருந்தா இன்னும் விவரமா சொல்லுங்கன்னு சொல்லும், அது எழுதாது. அந்த அளவோட நிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு.

படி 3: சாட் பண்ணும்போது

இங்கதான் நான் ரொம்ப கறாரா சொல்லுவேன். அவங்க அனுப்புன மெசேஜ காப்பி பண்ணி ஏஐல போட்டு, வர்ற பதில அப்படியே திருப்பி அனுப்புற பழக்கம் இருக்கு பாருங்க, அதுக்குன்னே தனி ஆப் எல்லாம் வந்துடுச்சு, அத ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஏன்னா பழகுற முதல் ரெண்டு மூணு வாரத்துல நடக்குறது தகவல் பரிமாற்றம் கிடையாது, இந்த ஆள் எதுக்கு சிரிப்பாரு, எதுல தயங்குவாரு, நான் ஒரு கஷ்டத்த சொன்னா எப்படி எடுத்துக்குவாருன்னு ஒருத்தர ஒருத்தர் அளந்து பார்க்குறாங்க. அந்த நேரத்துல உங்க இடத்துல மெஷின் உக்காந்திருந்தா அவங்க அளந்து வச்சது உங்களை இல்ல. நேர்ல சந்திக்கும்போது சாட்ல அவ்வளவு அழகா பேசுன ஆள் எங்க போனார்னு அவங்க தேடுவாங்க, நீங்களும் அந்த ஆளா நடிக்க முடியாம தவிப்பீங்க, ரெண்டு பேருக்குமே பாவம்.

பம்பிள்ங்கற டேட்டிங் ஆப்ப ஆரம்பிச்ச விட்னி வுல்ஃப் ஹெர்ட் 2024 மே மாசம் ஒரு மேடைல, வருங்காலத்துல உங்க ஏஐ உதவியாளர் இன்னொருத்தரோட ஏஐ உதவியாளரோட டேட் பண்ணிப் பார்த்துட்டு வந்து உங்களுக்கு ஆள் சொல்லும்னு பேசுனாங்க. யோசிச்சுப் பார்த்தா பாதி இடத்துல அது இப்பவே நடக்குது, ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி அனுப்பிட்டு இருக்காங்க, ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர்.

எங்க யூஸ் பண்ணலாம்னு கேட்டா சொல்றேன். அவங்க மொழி உங்களுக்கு சரியா வராது, அப்ப மொழிபெயர்க்க வச்சுக்கலாம், சொல்லிட்டு பண்ணுங்க. பதட்டத்துல எழுதுற ஆள், எழுதுனது கோவமா தெரியுதான்னு பயமா இருக்கு, அப்ப "இதுல என் டோன் எப்படி இருக்கு"ன்னு மட்டும் கேட்டுக்கலாம். ஆட்டிசம் இருக்குறவங்களுக்கு ஒரு மெசேஜோட உள்ளர்த்தம் பிடிபடலன்னா அத விளக்கச் சொல்றது பெரிய உதவி, அத யாரும் தப்பு சொல்ல முடியாது. இதுல எல்லாம் கடைசி வார்த்தை உங்களோடதா இருக்கும். ஆனா "உன்னை பிடிச்சிருக்கு", "மன்னிச்சுடு", "எனக்கு இது சரியா வரல", உடம்பு சம்பந்தமான சம்மதம், இதெல்லாம் தப்பும் தவறுமா வந்தாலும் நீங்களே எழுதணும்.

அவங்க சொன்ன அந்தரங்க விஷயம், போட்டோ, முழு சாட் ஸ்க்ரீன்ஷாட் இதெல்லாம் ஏஐல தூக்கிப் போடாதீங்க. அவங்க உங்கள நம்பி சொன்னாங்க, ஒரு கம்பெனியோட சர்வர நம்பி சொல்லல. அவசியம்னா பேரு, ஊரு, வேலை எல்லாம் எடுத்துட்டு சாராம்சத்த மட்டும் கேளுங்க.

எதிர்ல இருக்குறவங்க ஏஐ வச்சு பேசுறாங்கன்னு சந்தேகம் வந்தா? கண்டுபிடிக்கிற டூல்ஸ்ல போட்டுப் பார்க்காதீங்க, நாலு வரி மெசேஜுக்கு அதெல்லாம் நம்பகமே இல்ல. வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு வாரம் முன்னாடி அவங்களே சொன்ன ஒரு சின்ன விஷயத்த இழுத்துப் பேசிப் பாருங்க. அப்பவும் உறுத்துனா நேராவே கேட்டுடுங்க, குத்தம் சொல்ற மாதிரி கேக்காதீங்க, "நீ எழுதுறது கொஞ்சம் ஃபார்மலா இருக்கு, ஹெல்ப் எடுத்துக்கிறியா? எனக்கு உன் சொந்தப் பேச்சே போதும்" இவ்வளவு போதும். கூச்சத்துல பண்றவங்க நிறைய பேர், சொன்னா விட்டுடுவாங்க.

படி 4: நிஜமான ஆள்தானான்னு பாருங்க

இந்தப் படிய தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. அமெரிக்கால நுகர்வோர் பாதுகாப்ப பார்க்குற எஃப்டிசிங்கற அரசு அமைப்போட கணக்குப்படி 2022ல அங்க மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடில மாட்டுனதா புகார் கொடுத்தாங்க, போன பணம் 130 கோடி டாலர். அது ஏஐ இவ்வளவு பரவுறதுக்கு முன்னாடி. 2024 அக்டோபர்ல ஹாங்காங் போலீஸ் 27 பேர ஒரே கும்பலா பிடிச்சாங்க, டீப்ஃபேக் மூலமா அழகான பெண்கள் மாதிரி முகத்த மாத்தி வீடியோ கால் எல்லாம் பேசி, ஆண்கள கிரிப்டோ முதலீட்டுல இழுத்துவிட்டு சுமார் 4.6 கோடி டாலர் சுருட்டியிருந்தாங்க. ஃப்ரான்ஸ்ல ஒரு பெண் பிரபல நடிகரோட பேசிட்டு இருக்கோம்னு நம்பி 8,30,000 யூரோ இழந்தது 2025 ஜனவரில வெளிய வந்துச்சு, அவர் ஆஸ்பத்திரில படுத்திருக்குற மாதிரி போட்டோ எல்லாம் அனுப்பியிருந்தாங்க. செய்தி வந்ததும் உலகமே அவங்கள கேலி பண்ணுச்சு, எனக்கு அதுதான் ஆறவே இல்ல. ஏமாத்துனவன விட்டுட்டு ஏமாந்தவங்கள சிரிக்கிறதாலதான் அடுத்து ஏமாறுறவங்க வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே புழுங்குறாங்க.

பழைய சோதனைகள் இப்ப முழுசா வேலை செய்யாது. போட்டோவ கூகுள்ல தேடிப் பார்க்குறது நல்ல பழக்கம்தான், திருட்டு போட்டோவா இருந்தா மாட்டும், ஆனா ஏஐ புதுசா உருவாக்குன முகம்னா தேடுனாலும் எதுவும் வராது. எதுவும் வரலங்கறது நல்லவங்கன்னு சான்றிதழ் இல்ல. குரலும் அப்படித்தான், மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரில காட்டுன வால்-ஈங்கற ஏஐ மாடலுக்கு, ஒருத்தரோட குரல்லயே பேச அவர் பேசுற 3 செகண்ட் ஆடியோவே போதுமா இருந்துச்சு.

அதனால ஒரே சோதனைய நம்பாம பல சோதனை வைங்க. முதல் வாரத்துலயே வீடியோ கால் கேளுங்க, ஒரு தடவை இல்ல, வேற வேற நேரத்துல நாலஞ்சு தடவை. பேசிட்டு இருக்கும்போதே தலைய முழுசா பக்கவாட்டுல திருப்பச் சொல்லுங்க, முகத்துக்கு முன்னாடி விரல விரிச்சு அசைக்கச் சொல்லுங்க, போன எடுத்துட்டு ரூம்ல நடக்கச் சொல்லுங்க. முகம் மாத்துற சாஃப்ட்வேர் பலதுக்கு இங்க ஓரம் கலையும், நல்ல சாஃப்ட்வேர் இதையும் தாண்டிடும், அதனால பாஸ் பண்ணிட்டாங்கன்னு முழு நம்பிக்கை வச்சுடாதீங்க. எப்பக் கேட்டாலும் கேமரா ரிப்பேர், சந்திக்கலாம்னு முடிவு பண்ணா கடைசி நேரத்துல விபத்து, பேச ஆரம்பிச்ச உடனே ஆப்ப விட்டு வேற இடத்துக்கு வான்னு அவசரம், மூணாவது நாளே கல்யாணப் பேச்சு, இதுல ரெண்டு சேர்ந்து வந்தாலே ஒதுங்கிடுங்க.

இதையெல்லாம் மறந்தாலும் ஒண்ண மறக்காதீங்க. நேர்ல பார்க்காத ஒருத்தருக்குப் பணம் போகக் கூடாது. கடனா இருந்தாலும், கிஃப்ட் கார்டா இருந்தாலும், "நான் சம்பாதிக்கிற ஆப்ல நீயும் போடு"ன்னு சொன்னாலும், ஆரம்பத்துல போட்ட சின்ன தொகை லாபத்தோட திரும்பி வந்தாலும் கூடாது. அந்த லாபம்தான் தூண்டில்.

ஏற்கனவே அனுப்பிட்டீங்களா? முதல்ல பேங்குக்கு சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. சாட், அக்கவுண்ட் நம்பர், கிரிப்டோ அனுப்புன வேலட் முகவரி எதையும் அழிக்காம சேமிச்சு வச்சு போலீஸ்ல சைபர் புகார் கொடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு "உங்க பணத்த மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க"ன்னு ஒருத்தன் வருவான், அதுவும் மோசடிதான். அப்புறம் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயாவது நடந்தத சொல்லிடுங்க, தனியா சுமக்காதீங்க.

படி 5: சண்டைல ஏஐய நீதிபதியா வைக்காதீங்க

"என் லவ்வர் என்னை மதிக்கவே மாட்டேங்குறான், நேத்து மூணு மணி நேரம் ரிப்ளை பண்ணல, இது சரியா?" இப்படிக் கேட்டா அது உங்களுக்கு வேண்டிய பதிலத்தான் தரும். ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது ஒரு பக்கக் கதை, அது பழகியிருக்குறதும் கேக்குறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி பேச. 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடிய செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே ஒரு அப்டேட்ல சாட்ஜிபிடி ரொம்ப ஜால்ரா அடிக்குதுன்னு ஒத்துக்கிட்டு அத திரும்ப எடுத்தாங்க. முன்ன விட குறைஞ்சிருக்கலாம், முழுசா போயிடல. ரெண்டு பேரும் தனித்தனியா அதே சண்டைய கேட்டா ரெண்டு பேருக்கும் "உங்க உணர்வு நியாயமானதுதான்"னு வரும், அத வச்சு ரெண்டு பேரும் இன்னும் இறுகிப் போவாங்க.

கேக்கணும்னா கேள்விய திருப்பிப் போடுங்க: "நடந்தத சொல்றேன், தீர்ப்பு சொல்லாத. நான் அவனா இருந்தா இத எப்படி பார்ப்பேன்னு மூணு விதமா சொல்லு. நான் சொல்லாம விட்ட விஷயம் என்னவா இருக்கும்னு என்னையே கேளு." அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம். "ஆமா, அன்னைக்கு அவனுக்கு இன்டர்வியூ இருந்துச்சு"ன்னு அப்பதான் நமக்கே ஞாபகம் வரும். இதுக்கப்புறம் சாட்ட மூடிட்டு அவங்ககிட்ட பேசுங்க, "சாட்ஜிபிடியே சொல்லிடுச்சு"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.

பயமுறுத்துறது, அடிக்கிறது, பணத்தயோ போனயோ பிடுங்கி வச்சுக்கிறது இருந்தா இது சண்டையே இல்ல, அங்க ஏஐகிட்ட கேட்டு நேரத்த வீணாக்காம மனுஷங்க உதவிய தேடுங்க. அப்புறம் வக்கீல், டாக்டர்கிட்ட பேசுறதுக்கு இருக்குற சட்டப் பாதுகாப்பு இந்த சாட்டுக்கு இல்லன்னு ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலைல சொன்னாரு, கோர்ட்டு கேட்டா கொடுக்க வேண்டி வரலாம். விவாகரத்து வரைக்கும் போற விஷயம்னா இதையும் மனசுல வச்சுக்கோங்க.

படி 6: ஏஐயே துணையா இருந்தா

இதுல இருக்குறவங்கள நான் இளக்காரமா பார்க்கல. 1966ல எம்ஐடில ஜோசஃப் வைசன்பாம் எலிசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதுனாரு, நாம சொல்றதையே கேள்வியா திருப்பிக் கேக்குற அளவுக்குத்தான் அதுக்குத் தெரியும். அவர் அத உருவாக்குறத பக்கத்துல இருந்து மாசக்கணக்கா பார்த்த அவரோட செக்ரெட்டரியே, அதோட பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு அவரையே சொல்லிட்டாங்க. நம்ம பேச்ச யாரோ காது கொடுத்து கேக்குறாங்கன்னு தோணுனா மனசு தன்னால திறந்துடும், மனுஷன் அப்படித்தான்.

பிரச்சனை எங்கன்னா அந்த துணையோட சாவி ஒரு கம்பெனி கையில இருக்கு. ரெப்ளிகாங்கற ஏஐ துணை ஆப் 2017ல வந்துச்சு, நிறைய பேர் அத காதலியா, காதலனா, கணவனா வச்சிருந்தாங்க. 2023 பிப்ரவரில நெருக்கமா பேசுற வசதிய கம்பெனி எடுத்துடுச்சு, நேத்து வரைக்கும் கொஞ்சுனது இன்னைக்கு பேச்ச மாத்துது, மனுஷங்க நிஜமாவே துக்கம் அனுபவிச்சாங்க. அடுத்த மாசம் பழைய யூஸர்ஸுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க. அதே 2023 பிப்ரவரில இத்தாலியோட தகவல் பாதுகாப்பு ஆணையம் அங்க உள்ளவங்களோட டேட்டாவ எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, 2025ல 50 லட்சம் யூரோ அபராதமும் போட்டுச்சு. கலிஃபோர்னியால 2026 ஜனவரி முதல் இந்த மாதிரி துணை ஆப்களுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு, பேசுறது 18 வயசுக்குக் கீழ உள்ளவங்கன்னு தெரிஞ்சா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை "நான் மனுஷன் இல்ல"ன்னு அது ஞாபகப்படுத்தணும்.

யூஸ் பண்றீங்கன்னா பேசுற நேரத்துக்கு ஒரு அளவு வைங்க, உங்க முகவரி, வேலை இடம், போட்டோ கொடுக்காதீங்க, ஒரு நண்பரோட வெளிய போற வாய்ப்ப இதுக்காக தட்டிக் கழிக்க ஆரம்பிச்சா அத எச்சரிக்கையா எடுத்துக்கோங்க. ஏற்கனவே ஒருத்தரோட உறவுல இருந்துட்டு இதுவும் ஓடுதுன்னா, இது துரோகமா இல்லையான்னு நெட்ல தேடாதீங்க, அத முடிவு பண்ண வேண்டியது உங்க துணை, அவங்ககிட்ட சொல்லிக் கேளுங்க. உங்க வீட்டுல டீனேஜ் பசங்க இருந்தா போன பிடுங்குறதுக்கு முன்னாடி அது என்ன பேசுது, எதுக்காகப் பிடிக்குதுன்னு உக்காந்து கேளுங்க.

படி 7: பிரிஞ்ச பிறகு

ப்ரேக்அப் மெசேஜ ஏஐ எழுதக் கூடாது. அவ்வளவுதான், அதுல விவாதமே இல்ல. பிரிஞ்சவங்களோட பழைய சாட்டக் கொடுத்து அவங்க மாதிரியே பேசுற பாட் செஞ்சுக்கிறதும் வேணாம், அவங்க சம்மதம் இல்லாத வேலை அது, உங்க புண்ணும் ஆறாது.

உங்க முகத்த வச்சு யாராவது ஆபாசப் படம் செஞ்சுட்டாங்கன்னா, மிரட்டுனாங்கன்னா, பணம் கொடுக்காதீங்க, கொடுத்தா நிக்காது. யூஆர்எல், யூஸர் பேரு, தேதியோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அந்தத் தளத்துல ரிப்போர்ட் பண்ணுங்க. 18 வயசு ஆனவங்களுக்கு ஸ்டாப்என்சிஐஐன்னு இலவசமா ஒரு சேவை இருக்கு, ஏஐ உருவாக்குன படத்துக்கும் செல்லும். படத்த அவங்களுக்கு அனுப்பவே வேணாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கி அத மட்டும் எடுத்துட்டுப் போகும், அதுல சேர்ந்திருக்குற தளங்கள் அந்தக் கைரேகைய வச்சு படம் ஏறாம தடுக்கும். அமெரிக்கால 2025 மே மாசம் கையெழுத்தான சட்டப்படி ஏஐல செஞ்ச அந்தரங்கப் படத்த சம்மதம் இல்லாம போடுறதே குற்றம், புகார் வந்தா 48 மணி நேரத்துல தளங்கள் எடுக்கணும். நீங்க இருக்குற இடத்துச் சட்டம் என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேளுங்க, படம் பொய்னாலும் உங்களுக்கு நடந்தது நிஜமான கொடுமைதான், தயங்காம புகார் கொடுங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. அந்த உறவுல இருந்தப்போ அவங்களப் பத்தி ஏஐகிட்ட எவ்வளவோ சொல்லியிருப்பீங்க, செட்டிங்ஸ்ல போய் மெமரில அவங்களப் பத்தி என்ன சேர்த்து வச்சிருக்குன்னு பார்த்து அழிச்சுடுங்க, அந்தப் பழைய சாட்டையும் தனியா டெலீட் பண்ணுங்க, மெமரிய மட்டும் அழிச்சா சாட் அப்படியே இருக்கும்.